அத்தான் வேலியில் அம்மையார் கூந்தல்

எல்லோரும் பிடுங்கி எரிக்கிற ஒரு கொடியை வளர்ப்பதற்காக அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அவளால் அதை வளர்க்க முடியவில்லை.

கொடியின் பெயர் அம்மையார் கூந்தல். இலை கிடையாது, மஞ்சள் நூல்கண்டை யாரோ பிரித்துச் செடிமேல் எறிந்தது போலிருக்கும். பக்கத்துச் செடியைச் சுற்றி, தண்டுக்குள் உறிஞ்சியை இறக்கியதும் தன் வேரைக் காயவிட்டுவிடும். ஆராய்ச்சி நிலையத்தின் புதுத் தக்காளி ரகங்களில் எது இதற்கு அசைந்துகொடுக்காது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை.

விதையின் கெட்டித் தோலை உப்புத்தாளில் தேய்த்துப் போட்டாள். அறையைக் கதகதப்பாக வைத்திருந்தாள். முளைகள் வெள்ளை விளக்குகளின் கீழ் தலையை ஆட்டி ஆட்டித் தேடின, தக்காளித் தண்டில் உரசின, சுற்றாமலே சரிந்து செத்தன.

“களையை வளர்க்கத் தெரியலைன்னு வெளியில சொல்ல முடியுமா?” என்றார் துறைத்தலைவர்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் கணவர் போன் செய்தார். அவர் பல் டாக்டர். “செடி படிச்சவதானே நீ? வந்து பாரு. என் வேலிக்குச் சடை விழுந்திருக்கு.”

வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்குச் செடிவேலி. அதை ரசமட்டம் வைத்துக் கத்தரிப்பது அவர் வழக்கம். இப்போது பாதி வேலி மஞ்சளாகக் கிடந்தது. அவள் கேட்டிலேயே நின்றுவிட்டாள்.

“அத்தான், எவ்வளவு அழகா வந்திருக்கு!”

“எது?”

நாள் முழுக்க வெயில், தினமும் தண்ணீர், தாராளமாக உரம். வெயிலின் சிவப்பு ஒளியில் ஒரு பகுதி தன் விளக்குகளில் இல்லாததால்தான் கொடி சுற்றவில்லை என்று அவளுக்கு உறைத்தது.

“வெட்டினீங்களா?”

“வாராவாரம் வெட்டறேன். வெட்ட வெட்டக் கூடுது.”

“அறுந்து விழற துண்டும் ஒட்டிக்கும் அத்தான். வெட்டி வெட்டி நீங்கதான் நட்டிருக்கீங்க.”

டாக்டர் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தார்.

“தொட்டி தொட்டியா தக்காளிமேல சுத்திவிட எனக்கு நிறைய கொடி வேணும். கொஞ்ச நாள் இதை எடுக்காதீங்க.”

“அப்ப என் வேலி?”

“செத்துடும்.”

முடியவே முடியாது என்று அவர் சொல்ல வாயெடுத்தபோது, வேலிக்குப் பின்னாலிருந்த சமையலறை ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “எடுக்க வேணாம். தின்னட்டும்.”

“என்ன சொல்றே?”

“இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து பட்டப்பகல்ல லைட் போட்டு சமைக்கறேன்.”

“ஒருநாளும் சொல்லலியே!”

“பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்.”

பல் டாக்டர் கத்தரியைக் கீழே வைத்தார்.

அவள் தினமும் வந்து கொடியைப் பைக்குள் அடைத்து எடுத்துப்போனாள். வெயில் விழும் வலைக்கூடாரத்தில் தக்காளிமேல் சுற்றிவிட்டாள். வேலி உயிரோடிருந்தால்தான் கொடிக்குச் சாப்பாடு என்பதால் தண்ணீரை நிறுத்த வேண்டாம் என்றாள். டாக்டர் நிறுத்தவில்லை. ஒருநாள் காலையில், மிச்சமிருந்த ஒரு பச்சைக் கிளையை அவர் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, செருப்பை வேண்டுமென்றே தேய்த்தபடி நடந்து வந்தாள். அவர் தூசி தட்டுவது போல் கையை உதறினார்.

கடைசியில் ஒரே ஒரு ரகம் தாங்கியது. கொடி சுற்றிய இடத்திலெல்லாம் தண்டு இறுகிப்போய், கொடி பசியில் காய்ந்தது. துறைத்தலைவருக்கும் முன்னால் அவள் அத்தானுக்குத்தான் சொன்னாள்.

“அறிக்கையில நன்றி போடறேன் அத்தான்.”

“எனக்கா, வேலிக்கா?”

“ரெண்டு பேருக்கும்.”

கொடி விதை பிடிக்குமுன் வேலியை வேரோடு பிடுங்கி எரித்தார்கள். டாக்டர் தானே தீ வைத்தார். புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் சமையலறையில் வெயில் மேடைவரைக்கும் வந்திருந்தது. எதிர்வீட்டு அம்மா தன் ஜன்னலிலிருந்து கையசைத்தாள். அக்காவும் கையசைத்தாள். டாக்டர் அசைக்கவில்லை. உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து காபியைக் குடித்தார்.