வாசனை இல்லாத எலுமிச்சை

என் அக்கா சுலைகா ராத்தாவுக்கு ஆகாதது சாப்பாடு இல்லை, சாப்பாட்டின் வாசனை. கீமோ ஆரம்பித்ததிலிருந்து வெங்காயம் வதங்கினால் வாந்தி, சோறு கொதித்தால் வாந்தி. அவள் புருஷன் இனாயத்துல்லா மச்சான் கராஜில் அடுப்பை வைத்துச் சமைத்துப் பார்த்தார். அங்கிருந்தும் வாசனை உள்ளே வந்தது. எடை இன்னும் இறங்கினால் வயிற்றில் குழாய் வைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை எடை பார்க்கிற நாள்.

எனக்கு ஹோட்டல் ரிசப்ஷனில் ராத்திரி வேலை. படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அமெரிக்காவில், இந்த ஃப்ரீமான்ட் ஊரில் அதுதான் கிடைத்தது. பகலில் சும்மா இருப்பவன் என்பதால் ராத்தாவை வெளியே கூட்டிப்போவது என் பொறுப்பு. மாலுக்குப் போனால் பொரித்த சிக்கன். தெரிந்தவர் வீட்டுக்குப் போனால் தாளிப்பு. கடற்கரையில் மீன். வாசனையே இல்லாத இடம் எது என்று யோசித்து, செவ்வாய்க்கிழமை சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிற ஓவிய மியூசியத்துக்கு ஓட்டினேன்.

"பெயின்டிங் பாக்குற மூஞ்சியாடா நம்ம மூஞ்சி?"

"உள்ள சாப்பாடு அலவ் பண்ண மாட்டாங்க. அது போதும் உனக்கு."

எங்கே போனாலும் மச்சான் என் பையில் ஒரு டப்பா அரிசிக் கஞ்சியைத் திணித்துவிடுவார். அது பெரும்பாலும் திறக்காமலே வீடு திரும்பும். மியூசிய வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"விட்டது சனியன்," என்றாள் ராத்தா.

ஐரோப்பிய ஓவியங்கள் இருந்த கூடங்களுக்குக் கருஞ்சிவப்புச் சுவர். மரத்தரை கிறீச்சிட்டது. எங்களைத் தவிர மூலையில் ஒரு காவல்காரப் பெண்மணி மட்டும். ராத்தா நின்று ஒரு முறை மூக்கால் மூச்சை இழுத்தாள். பல வாரங்களாக அவள் வாயால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே இல்லடா," என்றாள். பாராட்டு அது.

பிறகு தானாகவே நடந்தாள். கழுத்தைச் சுற்றி வெள்ளை மடிப்புத் துணி கட்டிய ஒரு கனவானின் படத்துக்கு முன்னால் நின்றாள்.

"இவன் கழுத்துல என்னடா, இடியாப்பமா?"

நான் சிரிக்கவில்லை. இடியாப்பம் என்று அவள் வாயால் சொல்லி, முகம் மாறாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூடத்தில் ஒரு சாப்பாட்டு மேசை. பழைய டச்சுக்காரன் யாரோ வரைந்தது. பிட்ட ரொட்டி, வெட்டிய இறைச்சி, சாய்ந்து கிடக்கும் கண்ணாடிக் குவளை. மேசை ஓரத்தில் பாதி உரித்த எலுமிச்சம்பழம், அதன் தோல் சுருண்டு கீழே தொங்கியது. நான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தேன். தட்டிவிட்டாள்.

"இருடா. பாக்குறேன்ல."

"வாந்தி வந்தா என்னைய சொல்லாத."

"படத்துல எங்கடா வாசனை?" ஒரு அடி முன்னால் போனாள். "இந்தக் கறி ஹலாலான்னு அந்த அம்மாட்ட கேளு."

"நீயே கேளு."

"பழத்தைப் பாதி உரிச்சுப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருக்கான் பாரு. உம்மா பாத்திருந்தா முதுகுல ஒண்ணு வச்சிருக்கும்."

அந்த எலுமிச்சையின் வெட்டுப்பட்ட பக்கம் ஈரமாக இருந்தது. வெறும் வண்ணம்தான், தெரியும். ஆனாலும் தொட்டால் விரல் பிசுபிசுக்கும் போலிருந்தது. ராத்தா இன்னும் குனிந்தாள். எங்கோ அலாரம் கீச்சென்றது. பின்னால் நகரச் சொல்லிக் காவல்காரப் பெண்மணி கை காட்டினார். ராத்தா நகர்ந்தாள், கண்ணை மட்டும் எடுக்கவில்லை. அவள் தொண்டை ஏறி இறங்கியது.

வரப்போகிறது என்று நினைத்து ஜேபியிலிருந்த வாந்திப் பையை உருவினேன்.

"அது இல்லடா." ரகசியம் மாதிரிச் சொன்னாள். "எச்சில் ஊறுது."

கீமோவில் அவள் வாய் காய்ந்துபோயிருந்தது. பேசும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். நான் வாந்திப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"மரம் மாதிரி நிக்காத. உப்புத் தொட்டு ஒரு எலுமிச்சை வேணும். போ."

மியூசியத்தின் கஃபேயில் காபியும் வெண்ணெயும் மணத்தன. அவளை அங்கே கூட்டிப்போக முடியாது. வெளியே பனிமூட்டத்தில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஓடினேன். டீக்கு வைத்திருந்த எலுமிச்சைத் துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். உப்புப் பொட்டலம் கேட்காமலே எடுத்தேன். அப்படியே என் பையையும் மீட்டுக்கொண்டு வந்தேன்.

எலுமிச்சையை உப்பில் தொட்டு நக்கினாள். முகம் அஷ்டகோணலானது. மறுபடியும் நக்கினாள். நான் டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். கஞ்சி குளிர்ந்து கல்லாகியிருந்தது. அதனால் அதற்கும் வாசனை இல்லை.

"மச்சான் பாத்தா அழுதுருவாரு," என்றேன்.

"பேசாம இருந்தா சாப்பிடுவேன்."

பாதி டப்பா சாப்பிட்டாள்.

திரும்பி வரும்போது வளைகுடாப் பாலத்தில் ரேடியோகூடப் போடாமல் ஓட்டினேன். வாந்திப் பை அவள் மடியில் இருந்தது. தண்ணீர் முடிந்து அக்கரையில் ஹேவர்ட் ஊர் வந்தது. பை மடித்தது மடித்தபடியே இருந்தது.

வியாழக்கிழமை எடை மெஷின் என்ன காட்டும் என்று எனக்குத் தெரியாது. பாதி டப்பா கஞ்சியில் ஒருத்தி தேறிவிட்டாள் என்று எழுத நான் முட்டாள் இல்லை.

வீட்டுத் தெரு திரும்பும்போது ராத்தா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"நாளைக்கு அது தொறந்திருக்குமா?"

"இருக்கும். ஏன்?"

"அந்த ரொட்டிய நான் சரியா பாக்கல."