நிறைந்தே திரும்பிய பாட்டில்

மேஸ்திரிக்குக் காலையில் செங்கல்லைத் தொடும் முன் ஒரு வேலை உண்டு. தையல் கம்பெனிக்குப் போகும் மனைவிக்குத் தண்ணீரைக் காய்ச்சி, ஆற்றி, பாட்டிலில் நிரப்பிக் கொடுப்பார். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் இதை ஒருநாளும் மறந்ததில்லை, மற்றதையெல்லாம் மறந்திருக்கிறார்.

பாட்டிலோ, சாயங்காலம் போன மாதிரியே திரும்பி வரும்.

“ஏம்மா, நான் குடுக்கற தண்ணி அவ்வளவு கசக்குதா?” என்று கேட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக் வாடையோ என்று எவர்சில்வர் பாட்டில் வாங்கினார். அதுவும் நிறைந்தே வந்தது.

“மெஷின்ல உக்காந்தா தாகமே எடுக்கறதில்லீங்க” என்று மனைவி சிரித்து மழுப்பினாள்.

ஒருநாள் அவளுக்குக் குளிர்காய்ச்சல். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விட்டாள். மேஸ்திரி பதறிப்போய் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார்.

“நீர்க்கடுப்பு முத்திப்போச்சு. இன்னும் விட்டிருந்தா கிட்னியே போயிருக்கும். பகல்ல தண்ணியே குடிக்கறதில்லையா?” என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் மனைவி உண்மையைச் சொன்னாள். “குடிச்சா போகணுமேங்க. கம்பெனியில இருக்கறது ஒரே கக்கூஸ். தாழ்ப்பாளும் இல்ல, தண்ணியும் இல்ல. அதான் வாயைக் கட்டிட்டேன்.”

“ஒழுங்கா ஒரு கக்கூஸ் கட்ட வக்கில்லாதவன் ஒரு முதலாளியா? இப்பவே போய் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்!”

அவள் அவர் கையைப் பிடித்தாள். “கேளுங்க, நானும் வரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. உங்ககிட்ட கலவை சுமக்கற நாலு பொம்பளைங்க எங்க போறாங்க?”

மேஸ்திரிக்குத் தன் வேலையிடத்துக் குடம் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்களுக்கென்று அவர் வைக்கும் குடத்துத் தண்ணீர் சாயங்காலமும் அப்படியே இருக்கும். வீணாக்காமல் கலவையில் ஊற்றச் சொல்வதும் அவர்தான்.

மறுநாள் மாடிச் சுவர் எழவில்லை. வீடு கட்டச் சொன்னவர் வந்து குதித்தார். “என் வீட்டைக் கட்டச் சொன்னா, மூலையில என்னத்தைக் கட்டறீங்க?”

“குடிக்கத் தண்ணி வச்சா மட்டும் போதாதுங்க. கதவைச் சாத்திக்கிட்டுப் போக ஒரு இடமும் வேணும். அது இல்லாம வைக்கற தண்ணி வெறும் கண்துடைப்பு. இத்தனை வருஷமா நான் செஞ்சதும் அதுதான்.”

நான்காம் நாள் கதவு மாட்டி, உள்தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். அன்று சாயங்காலம் கலவைக்கு ஊற்றக் குடத்தில் ஒரு சொட்டு இல்லை.

மேஸ்திரி நேராக வீட்டுக்கு வந்தார். “கிளம்பும்மா, உங்க முதலாளியைப் பாக்கலாம். இப்பத்தான் கேக்கற யோக்கியதை எனக்கு வந்திருக்கு.”