பாலையாவின் மாடிப்படி

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் கிருபாபாய். சித்தூரில் ஞாயிறு ஆராதனை முடிந்து, மழை விடக் காத்திருந்த பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். தன் அப்பா செய்த தப்பு. ஒரு வார்த்தை மிகையாக வரவில்லை. நான் மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘1912இல் வேலூர் சாலையோரம், செங்குத்தான ஓட்டுக்கூரையோடு, சீமைக் கிராமத்திலிருந்து பெயர்த்து வைத்தாற்போல ஒரு வீடு...’ விட்டுவிட்டேன். வெளியே நின்று பார்ப்பவனின் வாக்கியம் அது. கிருபாபாயின் அப்பா ஏசுரத்தினம் அந்த வீட்டை உள்ளிருந்து அறிந்தவர். தச்சர்.

2

கட்டியவர் ஒரு வெள்ளைக்கார நீதிபதி. இயந்திரத்தில் செய்த எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர் கட்டளை. கீல்களைக் கொல்லன் அடித்தான். கல் பக்கத்து மலையிலிருந்து வந்தது. மரத்தோடு மரம் சேரும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மறைத்தால் பொய் என்பார். (சித்தூர் வெயிலில் குளிர்காய அடுப்பு ஒன்றும் கட்டச் சொன்னார். கதைக்கு அது தேவையில்லை, விட மனமில்லை.)

ஜன்னலோரங்களில் சுவரோடு சேர்ந்த இருக்கைகளைச் செய்தவர் ஏசுரத்தினம். கூடத்து மாடிப்படி பாலையாவுடையது. இருவரும் ஒரே மிஷன் பட்டறையில் உளி பிடித்தவர்கள்.

வேலை முடிந்ததும் நீதிபதி எல்லோரையும் குடும்பத்தோடு அழைத்தார். ஏசுரத்தினத்தின் புது மனைவி தபீதாள் ஜன்னல் இருக்கையில் ஒரு நொடி உட்கார்ந்தாள். பிறகு எழுந்துபோய், மாடிப்படியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே மேலே ஏறி இறங்கினாள். மறுபடியும் ஏறினாள்.

“தூங்குற கொழந்த முதுகைத் தடவுன மாதிரி கீது,” என்றாள் புருஷனிடம்.

இருக்கையைப் பற்றி அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

(ஒரு வாக்கியத்தை ஒரு மனிதர் இருபத்துமூன்று வருஷம் சுமப்பாரா? சந்தேகத்தைக் கிருபாபாயிடமே கேட்டேன். “எங்க நைனாவைப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்? பாலையா பேரை எடுத்தா துன்னுற சோத்துல கையைக் கழுவிடுவாரு.”)

3

1935இல் சம்பத் என்பவர் அந்த வீட்டை வாங்கி ஓட்டல் ஆக்கினார். திருப்பதிக்குப் போகிறவர்களும் கோர்ட்டுக் கச்சேரி வேலையாக வருகிறவர்களும் தங்க அறைகள் போதவில்லை. ஏசுரத்தினத்தை அழைத்தார்.

“மேஸ்திரி, இந்தப் படி எடத்தை அடைச்சிக்கினு கீது. எடுத்துட்டா ரெண்டு ரூம் வரும். வெளியால இரும்புப் படி வெச்சிக்கலாம். ஆனா நல்லா இருக்கிறதை எடுக்க மனசு வரல. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

ஏசுரத்தினம் ஒவ்வொரு படியாகத் தட்டினார். இருபத்திரண்டு படி. எல்லாமே கணீரென்றன. இத்தனை வருஷக் காலடிக்குப் பிறகும் ஒரு முனகல்கூட இல்லை. அவருடைய இருக்கைகளில் இரண்டின் பலகை எப்போதோ வளைந்துபோயிருந்தது.

“பூச்சி புடிச்சிருச்சி,” என்றார். “உள்ளாற பூரா.”

(இங்கே அவர் மனத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதி அடித்தேன். அன்று அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அது போதும்.)

4

திங்கட்கிழமை நாலு ஆட்களோடு கழற்ற வந்தார். ஓர் ஆணி இல்லை. இணைப்புகள் எல்லாம் கண்ணெதிரே இருந்தன. எதை முதலில் எடுப்பது என்றுதான் தெரியவில்லை. ஓர் ஆப்பைத் தளர்த்தினால் இன்னொன்று இறுகியது. மூன்று நாள் போயிற்று.

“கோடாலி போட்டுடலாமே,” என்றார் சம்பத்.

“வேணாம். உத்திரமும் சேர்ந்து வந்துடும்.”

உண்மை அதுவல்ல. ஒரு வெட்டு விழுந்தால் உள்ளே பூச்சியில்லாத மரம் தெரிந்துவிடும்.

படியைச் செய்தவர் இப்போது திருப்பதியில் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, சம்பத் அங்கே ஆள் அனுப்பினார். சனிக்கிழமை ரயிலில் பாலையா வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் கூடத்தில் வந்து நிற்கும்வரை ஏசுரத்தினத்துக்கு விஷயமே தெரியாது.

“ஏசு, நல்லாகிறியா?”

பதிலுக்குக் காத்திராமல் பாலையா படியேறினார், குதிகாலை அழுத்தி, நிதானமாக. இறங்கிவந்து மூன்றாம் படியில் உட்கார்ந்தார்.

“மேஸ்திரிதான் பூச்சின்னாரு,” என்றார் சம்பத். “எப்பிடிக் கழட்டுறதுன்னு காட்டினாப் போதும்.”

“காட்டுறேன், அதுக்கின்னா.” பாலையாவின் குரலில் கோபம் இல்லை. “பூச்சி எந்தப் படியிலன்னு சொல்லு ஏசு. அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.”

5

“இதுவரைக்கும்தான் நைனா சொன்னாரு,” என்றார் கிருபாபாய். “சாவுற வரைக்கும் அதுக்கு மேல சொல்லல.”

ஆகவே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஏசுரத்தினம் அழுது ஒப்புக்கொள்கிறார். என் கண்ணும் கலங்கியதால் நம்பாமல் கிழித்தேன். இன்னொன்றில் ஏதோ ஒரு படியைக் காட்டுகிறார். பாலையா அந்தப் பலகையைக் கழற்றி, பழுதில்லாத மரத்தைச் சம்பத்தின் கையில் கொடுக்கிறார். எழுதும்போது எனக்கு இனித்தது. அதனாலேயே வேண்டாம்.

ஓட்டலுக்குப் போய்ப் பார்த்தேன். மாடிப்படி அங்கேயே இருக்கிறது. இரும்புப் படி வரவில்லை. யாரோ உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது, மூன்றாவது முடிவில் வருவதுபோல, பாலையாவே பொய் சொல்லியிருக்கலாம்: “ஆமா, ஒரு படியில பூச்சி இருந்திச்சி. ஏசு சரியாத்தான் பாத்துக்கிறான். நான் மாத்தித் தரேன்.” அப்படி நடந்திருந்தால், அதற்குப் பிறகு ஏசுரத்தினம் எப்படி வீட்டுக்கு நடந்துபோனார் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

சம்பத் காத்திருக்கிறார். பாலையா எழுந்து வழிவிடுகிறார். ஏசுரத்தினம் கையைத் தூக்கிவிட்டார். எந்தப் படி என்று நீங்கள் சொல்லுங்கள்.