இன்ஜினுக்கு ஆரத்தி

பேருந்து நிலையத்தைத் தாண்டுவதற்குள் வண்டி மறுபடியும் நின்றது. பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலம் முடித்த கூட்டம் ஊரைவிட்டுக் கிளம்பும் நேரம் என்பதால் எந்த வண்டியும் ஊர்ந்துதான் போக முடியும். என் வேனுக்கு ஊர்வதுதான் ஆகாது. வேகமாக விட்டால் நிற்காமல் போகும். சூடேறிய பிறகு மெதுவாக உருட்டினால் உடம்பு உதறும், பெட்ரோல் வாடை வரும், பின்னால் கரும்புகை கக்கும், அப்புறம் செத்துவிடும். உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கடைசியில் தலையை வெளியே நீட்டி, "வூட்ல சோறாக்க வேண்டியதுதானம்மா, உனுக்கு எதுக்கு இந்த வேல?" என்றான். நான் இறங்கிப்போய் அவன் கதவில் ஓங்கி ஒரு அறை அறைந்துவிட்டு வந்தேன். வண்டி கிளம்பவில்லை. கைதான் வலித்தது.

பிள்ளைகளை ஆட்டோக்களில் ஏற்றிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டேன். அங்கே வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் விமல்ராஜ் வாசலிலேயே நின்றிருந்தார். "இன்னொரு தடவ நடுரோட்ல நின்னா வேற வண்டி பாத்துக்குவோம். பேரண்ட்ஸுக்கு என்னால பதில் சொல்ல முடியல" என்றார். அந்த ஓட்டம் போனால் இந்தப் பழைய வேனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மணிவேல் அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தார்.

மணிவேல் என் வீட்டுக்காரரின் அண்ணன். வேங்கிக்காலில் எங்களுக்கு அடுத்த தெரு. என் வீட்டுக்காரர் வேணு செத்துப்போய், காரியம் முடிந்த அன்றே சாவியைக் கேட்டவர். நான் கொடுக்கவில்லை. லைசென்ஸ் எடுத்து நானே ஓட்டத் தொடங்கினேன். அன்றிலிருந்து அவர் வாயில் ஒரே பேச்சுதான். "வண்டிக்கு உன் கை ராசியில்ல அருணா. அது உன்ன ஏத்துக்கல. என்கிட்ட குடு, மாசம் ஏதோ தரேன்." அதைச் சொல்லும்போது முகத்தை அப்படிப் பரிதாபமாக வைத்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அமாவாசைதோறும் வண்டிக்குத் திருஷ்டி கழிக்க வந்துவிடுவார். தம்பி வண்டி, அண்ணன் கழித்தால்தான் விளங்குமாம். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தியை ஊரே வாசலில் ஊற்றும். இவருக்கு அது போதாது. சின்ன வயதில் லாரியில் கிளீனராகப் போனபோது பிடித்த பழக்கமாம், இன்ஜினில் ஊற்ற வேண்டும். இந்த வேனில் இன்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, வண்டியைச் சுற்றிவந்து, சிவப்புத் தண்ணீரை அப்படியே அதன்மேல் கவிழ்ப்பார். பெரியவர், வீட்டு மனிதர் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

பழைய மெக்கானிக் பிளக்கை மாற்றினான். பெட்ரோல் பம்ப்பை மாற்றினான். கடைசியாக ஒரு சென்சாரையும் மாற்றினான். கொஞ்சநாள் ஓடும், மறுபடி பழைய கதை. அவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு, அவலூர்பேட்டை சாலையில் தௌஹீத் பாயின் ஷெட்டுக்குக் கட்டி இழுத்துப்போனேன்.

பாய் எதையும் கழற்றவில்லை. கையடக்க மிஷினை வண்டியில் சொருகி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்ஜின் கொதிக்குதும்மா. ஆனா சூட்டப் பாக்குற சென்சாரு, நான் ஐஸ்ல கெடக்குறேன்னு சொல்லுது. கம்ப்யூட்டரு அத நம்பி பெட்ரோல ஜாஸ்தியா அடிக்குது. பிளக்கு கரியாயி, மெதுவா போறப்ப நின்னுடுது."

"சென்சாரு புதுசுங்க பாய்."

"சென்சாரு நல்லாதான் இருக்கு."

சீட்டைத் தூக்கி, சென்சாரில் மாட்டியிருந்த ஒயரின் முனையைப் பிடுங்கினார். உள்ளே கம்பிகளைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. ஊசியால் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கடைக்கு வெளியே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"மஞ்சா, சுண்ணாம்பு" என்றார் மெதுவாக. "கம்பிய அரிச்சுடுச்சு. புதுசு மாட்டித் தரேன். இதுமேல இனிமே தண்ணி படாம பாத்துக்க. ஆனா நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லாதம்மா. சாமி சமாச்சாரம். நான் கட நடத்தணும்."

எனக்கு அழுகை வரவில்லை, கொலைவெறிதான் வந்தது. வண்டியைக் கெடுக்க வேண்டும் என்று அந்த ஆள் செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், திருட்டுப்பயல் என்று திட்டி முடித்திருப்பேன். அவரோ மனசார நம்பித்தான் ஊற்றினார். ஊற்ற ஊற்ற வண்டி நின்றது. நிற்க நிற்க, என் கைதான் ராசியில்லை என்று தெருவெல்லாம் சொன்னார். நானும் சில ராத்திரிகளில் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

அமாவாசை காலையில் தாம்பாளத்தோடு வந்துவிட்டார். நான் அதற்கு முன்பே ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைப் பூட்டியிருந்தேன்.

"எறங்குமா, கழிச்சுடுறேன்."

"வேணாங்க மாமா. வாசல்ல ஊத்துங்க. இன்ஜின்ல ஊத்திதான் ஒயரு அரிச்சுப்போச்சு. அதனாலதான் நின்னுது."

"யார் சொன்னது? அந்த பாய் சொன்னானா?"

"நானே கண்ணால பாத்தேன்."

"ஆரத்தித் தண்ணியா வண்டிய கெடுத்துது?" குரல் தெருவுக்காக உயர்ந்தது. எதிர்வீட்டுச் சரசு கோலமாவுக் கிண்ணத்தோடு எழுந்து நின்றாள். பக்கத்துவீட்டு வல்லரசு பல் தேய்ப்பதை நிறுத்தினார். "கேட்டீங்களா இவ பேச்ச? தாலியறுத்தவ கைல வண்டி நிக்குது, பழி சாமி மேல!"

வல்லரசு, "பெரியவரு சொல்றாருல்ல, எறங்கும்மா" என்றார். நான் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

மணிவேல் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு கையில் தாம்பாளம், இன்னொரு கை முன்கண்ணாடியில். "ஓடட்டும், சூடாவட்டும்" என்றார் தெருவைப் பார்த்து. "அப்பறம் மெதுவா எடுக்கச் சொல்லுங்க. ரெண்டடி போறதுக்குள்ள நின்னுடும். நின்னா சாவிய குடுத்துட்டு உள்ள போவட்டும்."

வண்டியின் வியாதி அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நானும் காத்திருந்தேன். பிள்ளைகளை ஏற்றும் நேரம் நெருங்கியது. சீட்டின் கீழிருந்து சூடு தொடைக்கு ஏறியது. பாய் மாட்டிய ஒயரும் கொஞ்சநாள்தான் தாங்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. ஹாரன் அடிக்கவில்லை. முதல் கியரைப் போட்டு, கிளச்சைக் கொஞ்சமாக விட்டேன்.

வண்டி நகர்ந்தது. உதறவில்லை. மணிவேல் சிரித்தபடியே ஓர் அடி பின்னால் வைத்தார். இன்ஜின் சத்தத்துக்குக் காதைச் சாய்த்தார். இன்னொரு அடி வைத்தார். கண்ணாடியில் அழுத்தியிருந்த உள்ளங்கை வெளுத்தது. தாம்பாளம் சாய்ந்து சிவப்புத் தண்ணீர் அவர் வேட்டியில் இறங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றிருந்தது, கால் மட்டும் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

"அருணா, நிறுத்து" என்றாள் சரசு.

பம்பருக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. நான் கிளச்சை இன்னும் கொஞ்சம் விட்டேன்.