மூன்றாம் எண் பலகை

வீடு வாங்குவதைப் பற்றி என் தங்கை புருஷனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. எல்லாம் வீடியோ பார்த்துப் பார்த்து முற்றிப்போன ஞானம். குழாயைத் திறந்து பார், சாக்கடை மூடியைத் தூக்கிப் பார், கதவை மூன்று முறை சாத்திப் பார் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தார். இருபது வருஷமாக வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற, பலகை பதிக்கிற என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அந்தக் கோபம். ஆறு மாதமாக அலைகிறார்களே, எந்தத் தெருவில் பார்த்திருக்கிறார்கள் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் என் கௌரவம் என்னாவது?

பத்திரப் பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தங்கை கூப்பிட்டாள். "அண்ணே, பாப்பா ரூமுக்கு என்ன கலர் அடிக்கலாம்னு வந்து சொல்லேன்."

இப்போதிருக்கும் வாடகை வீட்டில் சுவரெல்லாம் ஓதம். ஆறு வயசுப் பாப்பாவுக்கு மூச்சிரைப்பு. மழைக்காலத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி வாசம்தான். காய்ந்த சுவர் உள்ள ஒரு வீட்டுக்காகத்தான் இவ்வளவு அலைச்சலும்.

தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரு அடையாளம் தெரிந்துவிட்டது. வாசலில் நின்ற தரகர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று மாதம் முன்பு இதே ஆள் கூப்பிட்டுத்தான் இதே வீட்டில் ஒரு வாரம் வேலை செய்தேன்.

"பாத்தியாண்ணே, இடுப்பு உயரத்துக்குப் பலகை அடிச்சிருக்காங்க. எவ்ளோ அழகு! இதைப் பாத்ததுமே பாப்பாவுக்கு இந்த ரூம்தான்னு சொல்லிட்டேன்" என்றாள் தங்கை.

"சுவரத் தட்டிப் பாத்தேன் மச்சான். கணீர்னு இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

பலகைக்கு மேலே தட்டினால் கணீரென்றுதான் இருக்கும். ஓதம் கீழேயல்லவா ஏறுகிறது.

தரகரின் கையைப் பிடித்து அறைக்கு வெளியே இழுத்து வந்தேன். "ஏன்யா, இந்த வீட்டை என் தங்கச்சி தலையிலயா கட்டுற?"

"உங்க ஆளுங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் மாஸ்டர்? தெரிஞ்சிருந்தா வேற பார்ட்டிக்குக் காட்டியிருப்பேன்ல?"

ஒரு நொடி அந்தப் பதில் எனக்கு நியாயமாகப் பட்டது. அதற்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம். ஆனால் அப்போது என் ஆத்திரமெல்லாம் அவர் மேல்தான்.

உள்ளே போனேன். பையிலிருந்த திருப்புளியை எடுத்தேன்.

"ஊரை ஏமாத்துறான் இந்த ஆளு! நோட்டுல எழுதி வச்சா ஆச்சா மாப்பிள்ளை? தொழில் தெரிஞ்சவன் பாத்ததுமே சொல்லிடுவான்!" கத்திக்கொண்டே நடுவில் இருந்த பலகையைக் கழற்றினேன். பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. கை பட்டதும் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "மச்சான், நீங்க மட்டும் வரலேன்னா நாங்க தொலைஞ்சோம்" என்றார். ஆறு மாதமாக நான் காத்திருந்த வார்த்தை. அந்தத் திமிரில் பலகையைத் தரகர் காலடியில் வீசினேன். அது குப்புற விழுந்தது.

பலகைகள் இடம் மாறிவிடாமல் இருக்க, அறுக்கும்போதே பின்பக்கம் பென்சிலால் எண் போட்டு, 'சுவர்ப்பக்கம்' என்று எழுதிவிடுவது என் பழக்கம். வேறெந்தப் பெயின்டரும் அந்தச் சிரமம் எடுப்பதில்லை. எனக்கு அதில் பெருமை வேறு.

தங்கை குனிந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தவன் நான்.

"மூணு. சுவர்ப்பக்கம்" என்று படித்தாள். "உன் எழுத்துண்ணே."

"கூலிக்குச் செஞ்சதும்மா. யாரோ வாங்கப்போறாங்கன்னு நெனச்சேன்."

"அந்த யாரோ வீட்டுல பாப்பா இருக்காதா?"

கையில் ஒட்டியிருந்த பூச்சுத் தூளைத் தட்டிவிட்டேன்.

"இந்த மாதிரி எத்தனை வீடு?"

மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஏழாவது வீட்டுக்கு மேல் எண்ணப் பிடிக்கவில்லை. அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். மாப்பிள்ளையும் நோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். என்னை வா என்று யாரும் கூப்பிடவில்லை.

தரகர் பலகையை எடுத்துத் தூசி தட்டி என்னிடம் நீட்டினார். "மாட்டிடுங்க மாஸ்டர். நாலு மணிக்கு வேற பார்ட்டிய வரச் சொல்றேன். கைக்குழந்தைக்காரங்க, சீக்கிரம் முடிப்பாங்க."

அதை வாங்கி, எழுத்து வெளியே தெரியும்படி ஜன்னலில் சாத்தி வைத்தேன். பிறகு நான்காம் பலகையின் திருகாணியில் திருப்புளியை வைத்தேன்.