கர்ணன் கொடுத்த அட்வான்ஸ்

பழனிசெட்டிபட்டியில் வாழைக்காய் கமிஷன் கடை வைத்திருக்கும் கர்ணனுக்கு எதையும் அட்வான்ஸாகக் கொடுத்தே பழக்கம். வாழை தார் தள்ளுமுன்னே தோட்டக்காரர் கையில் பணத்தைத் திணித்துவிடுவார். குலசாமியிடமும் அதே வியாபாரம்தான். மகள் மாரீஸ்வரி நிலாவைச் சுற்றிவிட்டுப் பத்திரமாகத் திரும்பினால் கிடா வெட்டுவதாக வேண்டியிருந்தவர், அவள் கிளம்புமுன்னேயே வெட்டிவிட்டார். கைநீட்டி வாங்கிவிட்டால் சாமியும் பேச்சு மாறாதாம்.

நிலாவா என்று வாயைப் பிளக்க வேண்டாம். தெருவே வாயைப் பிளந்து மூடி ரொம்ப நாளாகிறது. எங்கோ வெளிநாட்டில் ஒரு கப்பல் முதலாளி சொந்தக் காசில் ராக்கெட் பிடித்து, ஓவியர், பாட்டுக்காரர் என்று சில கலைஞர்களை நிலாவைச் சுற்றிக் கூட்டிவரப்போவதாக அறிவித்தார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்த மாரீஸ்வரி விண்ணப்பம் போட்டாள். போய் வந்தவர்கள் எல்லாம் அங்கே வானம் கறுப்பு என்கிறார்களே, எந்தக் கறுப்பு? நனைந்த கரம்பை மண்ணா, அடுப்புக்கரியா, எருமைத் தோலா? அதைச் சொல்ல வண்ணம் குழைத்துப் பழகிய கண் ஒன்று போக வேண்டும் என்று எழுதியிருந்தாள். எடுத்துக்கொண்டார்கள். வேலையை விட்டாள். "மாப்பிள்ளை அமையலைன்னு நிலாவுக்கு அனுப்புறாக" என்று எதிர்வீட்டு ராமுத்தாய் சொன்னது காதில் விழுந்தபோதும் சிரித்தாள். அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டால் போதும் அவளுக்கு.

வருசநாட்டுப் பக்கம் குலசாமி கோயிலில் வழியனுப்பு விருந்து. கிடா விழுந்து, கறி அடுப்பேறிய பிறகு மெயில் வந்தது. ராக்கெட் எப்போது தயாராகும் என்று தெரியவில்லையாம். முதலாளிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லையாம். பயணமே ரத்து. கடைசியில் ஒரு நன்றி.

மாரீஸ்வரி படித்தாள். அழுகை வரும் என்று கொஞ்சம் நின்று பார்த்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உடம்பு மொத்தமும்.

கறி வேகும் கொப்பரை அருகில் நின்ற அம்மா கஸ்தூரியம்மாளிடம் போனாள்.

"அம்மா, பயணம் இல்லையாம்."

"தேதியத் தள்ளிட்டாகளா?"

"மொத்தமாவே இல்ல."

கஸ்தூரியம்மாள் மகளைப் பார்த்தாள், கொப்பரையைப் பார்த்தாள். "கறி வெந்துக்கிட்டு இருக்குடி. சனம் சாப்பிட்டுப் போகட்டும். நாளைக்குச் சொல்லிக்கிருவோம். இன்னைக்கு வாயத் தொறந்துராத ஆத்தா."

சாமியானாவுக்குள் ஒரு பக்கம் பந்தி, ஒரு பக்கம் மேடை. சித்தப்பா சுருளிராஜன் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். சால்வை மேல் சால்வையாக விழுந்தது. மாரீஸ்வரி குனிந்து குனிந்து வாங்கினாள். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல்கூட வரவில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தாள்.

அப்போது அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து ஜாய்ஸ் டீச்சர் ஒரு கட்டுத் தாளோடு மேடையேறினார். "பிள்ளைக வரைஞ்சு குடுத்திருக்குதுகம்மா. நீ போகையில கொண்டுபோயி, சுத்திவந்து திருப்பிக் குடுப்பேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

மேல் தாளில் ஒரு பூனை, ராக்கெட் ஓட்டியபடி. மாரீஸ்வரியின் கை நீளவில்லை.

"வாங்க முடியாது டீச்சர். நான் போகல. ரத்தாயிருச்சு."

சுருளிராஜன் கையிலிருந்த மைக் அதை மொத்தச் சனத்துக்கும் சொல்லிவிட்டது.

எலும்பு கடிக்கிற சத்தம் கொஞ்சம் நின்றது. "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் ராமுத்தாய், வாயில் ஈரலோடு.

"அப்ப இந்தக் கிடா எந்தக் கணக்குல சேரும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "போகாதவ எப்படித் திரும்பி வர்றது?"

"ஏன், பத்திரமாத்தான இருக்கா?" என்றது இன்னொரு இலை. கொஞ்ச நேரம் அதுவே வழக்காக ஓடியது. கர்ணன் எழுந்து துண்டை உதறினார். "அட்வான்ஸ் குடுத்த தோட்டம் காத்துல சாஞ்சா என்ன செய்வோம்? அடுத்த போகத்துல பாத்துக்கிருவோம்" என்றார். குரல்தான் கொஞ்சம் இறங்கியிருந்தது. மகள் பக்கம் அவர் திரும்பவில்லை.

"சரி சரி, ரெண்டாம் பந்திக்கு இலை போடுங்கப்பா" என்றார் சுருளிராஜன்.

மாரீஸ்வரி சால்வைகளை நாற்காலியில் வைத்தாள். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. ஜக்கை எடுத்து வரிசையில் இறங்கி ஒவ்வொரு தம்ளராக ஊற்றிக்கொண்டே போனாள். ராமுத்தாயின் தம்ளர் நிரம்பி இலைக்கு வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"போதும் தாயி" என்று ராமுத்தாய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.