சூடையும் அறக்குளாவும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். தென்மராட்சியில் சுத்த சைவ வீடு. நியமனமோ கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில், ஏழாம் வகுப்புக்குத் தமிழ்.

அங்கே கட்டுரை என்றால் ரீச்சர் கரும்பலகையில் எழுத, பிள்ளைகள் பார்த்து எழுத வேண்டும். கொலின்ஸ் அதுவும் செய்வதில்லை. மணி அடிக்கும்வரை பேனையைத் திறந்து திறந்து மூடுவான். வாயைத் திறந்தால் மட்டும் ஊர்க்கதை முழுதும் வரும். லவீனாவோ ரியூசனில் பாடமாக்கியதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள். இருவருக்கும் ஒரே கரும்பலகை. எனக்கு விசர் வந்தது.

வகுப்பை மூன்றாகப் பிரித்தேன். திணறுகிறவர்கள் கண்ணால் கண்டதைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிட்டு, அதையே நாலு வசனமாக எழுதலாம். நடுத்தரமானவர்களுக்குத் தொடக்கம் நான் தருவேன். கெட்டிக்காரருக்கு முழுக்கட்டுரை. யார் மக்கு என்று தெரியக் கூடாது என்பதற்காகக் குழுக்களுக்கு மீன் பெயர் வைத்தேன். திணறுகிறவர்கள் அறக்குளா, நடுவில் பாரை, கெட்டிக்காரர் சூடை. மீனை நான் விளக்கப்படத்தில் பார்த்ததோடு சரி.

கொலின்ஸ் அன்றைக்கே நாலு வசனம் எழுதினான். பிழைகளை விடுங்கள், நாலும் அவனுடையவை.

மறுநாள் காலை லவீனாவின் தாய் கத்தரீனா அதிபரின் அறையில் நின்றார்.

"முதலாம் பிள்ளையாய் வாறவள் சூடையோ? விலைப்படாட்டில் கருவாட்டுக்குப் போடுற சூடையோ? பேர் எழுதத் தெரியாத கொலின்ஸ், சந்தையிலை ஆக விலை கூடின அறக்குளாவோ?"

அதிபர் தியாகலிங்கம் என்னைவிடச் சைவம். "மீனிலை என்னம்மா பேதம்?" என்று கேட்டுவிட்டார்.

"தெரியாட்டில் பேசாமல் இருங்கோ, சேர்!"

அவர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உமக்கு உந்த வேலையெல்லாம் ஏன்? திங்கட்கிழமை தொடக்கம் பழையபடி எல்லாருக்கும் ஒரே கட்டுரை."

கொலின்ஸ் திரும்பவும் பேனையைத் திறந்து மூடுவான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அம்மா, உங்கடை மகளை இண்டைக்கே அறக்குளாவிலை விடுறன். அவள் எழுதுறதை ரெண்டு பேரும் பாருங்கோ. பிரயோசனமில்லை எண்டால் நானே கரும்பலகையிலை எழுதுறன்."

"நாலு வசனமோ? என்ரை பிள்ளை நாற்பது எழுதும்!" கத்தரீனா கதிரையில் அமர்ந்தார்.

வகுப்பில் கொலின்ஸுக்குப் பக்கத்தில் இருத்தியும் லவீனா ஒன்றும் எழுதவில்லை. "ரீச்சர், தலைப்பு?"

"தலைப்பில்லை. கண்டதை எழுது."

"நான் ஒண்டும் காணேல்லை."

"பொய்," என்றான் கொலின்ஸ். "விடிய உன்ரை அம்மா கத்தினதை முழுப் பள்ளிக்கூடமும் கண்டது. அதைச் சொல்லன், கேப்பம்."

லவீனா அழுகையில் தொடங்கிச் சிரிப்பில் சொல்லி முடித்தாள். பிறகு எழுதினாள். தாளை அதிபரின் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் சத்தமாக வாசித்தார்:

"அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து மீன் விலை கதைத்தா. அதிபர் முழிசினார். ரீச்சரின் கை நடுங்கியது. எனக்கு மேசைக்குக் கீழே ஒளிக்க வேணும் போல இருந்தது."

என் கை நடுங்கவில்லை. அது அவளுடைய கற்பனை.

கத்தரீனா தாளைப் பிடுங்கி இரண்டு தரம் வாசித்தார். "உது ரியூசனிலை சொல்லிக் குடுத்ததில்லை. என்ரை பிள்ளை தானாய் எழுதினது," என்றார். தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, "ஆனால் சூடைக்கு மட்டும் விடமாட்டன்."

அதிபர் சிரிப்பை இருமலாக்கினார். "மூண்டு விதமாயே படிப்பியும், பிள்ளை. மீன் மட்டும் ஒண்டாய் இருக்கட்டும்."

திங்கட்கிழமை முழு வகுப்பும் அறக்குளா. வேலை மட்டும் மூன்று விதம். கொலின்ஸ் கோபத்தோடு எழும்பி நின்றான்.

"எல்லாரும் அறக்குளா எண்டால் விலை விழுந்திடும், ரீச்சர்!"

"அதை எழுதித் தா," என்றேன்.

அரைப்பக்கம் எழுதித் தந்தான்.